பருப்பு வெந்த கிணறு

பேச்சியம்மாள் அன்று என் மாடிப்படி ஏறி வந்தபோது கையில் ஒரு வெண்கலக் கிண்ணம் இருந்தது. கிண்ணத்தில் வெந்த துவரம்பருப்பு. தாளிக்கவில்லை, உப்புகூடப் போடவில்லை. சூடு மட்டும் இருந்தது.

"டீச்சரம்மா, ஒரு விரலை விட்டுப் பாருங்க" என்றார்.

விட்டேன். விரலுக்கு ஒரு பருப்பும் அகப்படவில்லை. வெண்ணெய் மாதிரி விலகிக்கொண்டது.

"நம்ம கெணத்துத் தண்ணி." படியேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை அவருக்கு. "ஒரே கொதிதான். வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து இந்தத் தண்ணியில பருப்பை வச்சுட்டு நான் எம்புட்டு வெறகு எரிச்சிருப்பேன் தெரியுமா? இப்ப உலையில போட்டுட்டு வெங்காயம் உரிக்க உக்காந்தேன். ரெண்டு வெங்காயம் உரிக்கல, கரைஞ்சு நிக்குது."

ஐம்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். நான் திருத்தங்கலில் பேச்சியம்மாள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். காலையில் பஸ் ஏறிச் சிவகாசிக்குப் போய்ப் பெண்பிள்ளைகளுக்கு ரசாயனம் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலையில் புழுதியோடு திரும்பி வருவேன். வருஷம் சரியாக ஞாபகம் இல்லை. அந்தப் பருப்பின் சூடு மட்டும் விரல் நுனியில் இருக்கிறது.

"நீங்க படிச்சவுக. நல்ல தண்ணிதானே? ஒரு வார்த்தை சொல்லுங்க."

விரலை நக்கிப் பார்த்தேன். சிரித்தேன். "நல்ல தண்ணிதாம்மா. சந்தேகமே வேண்டாம்."

ஒரு வார்த்தை கேட்டார். நாலு வார்த்தை சொன்னேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அது தெரு முழுக்கப் போய்விட்டது.

அடுப்பில் வைக்கிற பரீட்சை

எங்கள் பக்கத்தில் தண்ணீரை யாரும் கண்ணால் பார்த்து மதிப்பதில்லை. அடுப்பில் வைத்துத்தான் மதிப்பார்கள். பருப்பு வெந்தால் நல்ல கிணறு. வேகாவிட்டால் துணி துவைக்க, மாட்டுக்குக் காட்ட. அவ்வளவுதான் எங்கள் சோதனைச்சாலை.

நான் பிறந்த மல்லாங்கிணற்றில் பெண் கேட்டு வந்தவர்களிடம் என் அம்மா நகையைப் பற்றிக் கேட்டதில்லை. "உங்க ஊர்ல பருப்பு வேகுமா?" என்றுதான் கேட்பாள். அக்காளைக் கட்டிக்கொடுத்த ஊரில் வேகவில்லை. சீர்வரிசையோடு ஒரு டப்பா சோடா உப்பும் போனது. அதை யாரும் பார்க்காமல் சேலை மடிப்புக்குள் செருகியது நான்தான்.

அந்த டப்பா அன்றைக்கு என் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சோடா உப்பு போட்டால் எந்தத் தண்ணீரிலும் பருப்பு இப்படித்தான் கரையும் என்று ஒரு ரசாயன டீச்சருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் அப்போது டீச்சராக இல்லை. நல்ல தண்ணீருக்கு ஏங்கி வளர்ந்த இன்னொரு பெண்ணாக இருந்தேன்.

பேச்சியம்மாளின் கிணறு ஊருக்கே கேலி. வழி சொல்கிறவர்கள்கூட "வேகாக் கிணறு தாண்டி இடது பக்கம்" என்பார்கள். கணவர் போனபின் கொஞ்சம் மானாவாரி நிலத்தையும் ஒரே மகன் முத்துராசையும் வைத்துக்கொண்டு பிழைத்தவர். நிலத்தில் மேட்டுப்பகுதியை ஓர் அச்சகத்துக்கு விற்றிருந்தார். மகனுக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் இரவுபகலாக அடிக்கிற கம்பெனி.

அந்த வேகாக் கிணற்றுக்கு இப்போது வரிசை நின்றது. அச்சக முதலாளி வீட்டுச் சமையல்காரர்கூடச் சைக்கிளின் இரண்டு பக்கமும் குடம் கட்டிக்கொண்டு வந்தார். பேச்சியம்மாள் வெற்றிலை போட்டுக்கொண்டு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருப்பார். ஒருவர் பாக்கியில்லாமல் அவரை "மதினி", "அத்தை" என்று முறை சொல்லிக் கூப்பிட்டார்கள். அதுவரை அந்த வீட்டு வாசலில் நின்று பேசாதவர்கள்.

எதிர்வீட்டுச் செல்லத்தாய் இரண்டு குடத்தோடு வருவார். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டாகியிருந்தார்.

"ஏளா, ரெட்டைக் குடம் தூக்காத" என்பார் பேச்சியம்மாள். "வயித்துக்குள்ள இருந்துக்கிட்டே அது சுமைகூலி கேக்கும்."

"கேட்டா ஒங்ககிட்டதான் அனுப்புவேன் மதினி. தண்ணி ஒங்க தண்ணிதானே."

சிரிப்பு சுவர் சுவராய் மோதிக் கிணற்றுக்குள் இறங்கும். அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு மாடியில் நோட்டுத் திருத்துவேன். ஒரு மனுஷியின் முகம் ஐம்பது வயதுக்கு மேல் மலர்வதை அப்போதுதான் பார்த்தேன்.

கடிக்கிற தண்ணீர்

முத்துராசு ஒரு ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பம் ஒன்று எழுதி வாங்க வந்தார். கையெழுத்துப் போடப் பேனாவைப் பிடித்தபோது விரல்களைப் பார்த்தேன். மூட்டுக்கு மூட்டு சின்னச் சின்னக் குழி. தச்சன் துளையிட்ட மாதிரி வட்டமாக, கரை கட்டி இருந்தது.

"என்ன முத்துராசு இது?"

"பிளேட் கழுவுற கை டீச்சர். அந்த மஞ்சத்தண்ணி கடிக்கும். மொதல்லதான் எரியும், பெறகு வலியே இருக்காது."

அவர் பார்த்தது தகட்டு வேலை. துத்தநாகத் தகட்டில் பைகுரோமேட் கலந்த பசையைப் பூசி வெளிச்சம் காட்டிப் படத்தை ஏற்றுவார்கள். அந்தப் படத்தை அடித்து முடித்ததும் காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டுப் பழைய படத்தை உரிப்பார்கள். வாரம் முழுக்க ஒரே தொட்டி. சனிக்கிழமை சாயங்காலம் தொட்டியைக் கவிழ்த்துவிட்டால் திங்கட்கிழமைக்குப் புதுத்தண்ணீர்.

"எங்க கவுப்பீங்க?"

"கம்பெனிக்குப் பின்னாடி, குழியிலதான். குடிச்சிரும் டீச்சர் அது. எம்புட்டு ஊத்துனாலும் விடியறதுக்குள்ள காஞ்சு கெடக்கும்."

பெருமையாகத்தான் சொன்னார். கைக்குத் தேங்காயெண்ணெய் போடச் சொல்லி அனுப்பினேன். குழி மேட்டில் இருந்தது, கிணறு பள்ளத்தில் இருந்தது, என் ஜன்னல் இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

கண்ணாடிக்குள் பார்த்தது

அந்தப் பருவத்தில் எனக்குப் பாடம் கடின நீரும் மென்னீரும். மென்னீருக்கு மழைத்தண்ணீர் வேண்டும், கோடையில் எங்கே போக? பேச்சியம்மாள் கிணற்றில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இரண்டு கண்ணாடிக் குழாய். ஒன்றில் பள்ளிக்கூடத்துத் தண்ணீர், ஒன்றில் எங்கள் தெருத் தண்ணீர். சோப்புக் கரைசலை ஊற்றுவதற்கு முன் இரண்டையும் ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன்.

"டீச்சர், அது மஞ்சளா இருக்கு" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

இருந்தது. கொஞ்சமே கொஞ்சம். வைக்கோலை நனைத்த தண்ணீர் மாதிரி ஒரு நிறம். நானும் மாதக்கணக்காகக் குடித்த தண்ணீர்தான். ஆனால் தெருவில் எல்லோருக்கும் பித்தளைக் குடம். பித்தளையில் எந்தத் தண்ணீரும் மஞ்சளாகத்தான் தெரியும். அது போய் இறங்கிய இடமோ பருப்பு. நிறம் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல வீடு கிடைக்காது.

மணி அடித்துப் பிள்ளைகள் போனபின் கதவைச் சாத்தினேன். சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தேன், நீலமாயிற்று. காரம். சோடா. பருப்பு ஏன் கரைந்தது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. புதுக்குழாயில் தண்ணீர் எடுத்துக் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் விட்டு, லெட் அசிடேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

மெதுவாக, யாரோ உள்ளே விளக்கேற்றுவதுபோல, ஒரு மஞ்சள் பிறந்து கலங்கி அடியில் படிந்தது. பளிச்சென்ற மஞ்சள். தீப்பெட்டி லேபிளில் புலிக்கும் சூரியனுக்கும் அடிக்கிறார்களே, அதே மஞ்சள். குரோமியம். முத்துராசு தகட்டில் பூசுகிற பைகுரோமேட்டில் இருப்பது.

ரசாயனத்தை நான் விரும்பிப் படித்ததே இந்த நிறங்களுக்காகத்தான். ஒன்றுமில்லாத தண்ணீரில் ஒரு சொட்டு விழுந்ததும் நீலமும் ஊதாவும் எழும்போது கல்லூரியில் எனக்குக் கண் கலங்கும். அன்றைக்கும் கலங்கியது. "நல்ல தண்ணிதாம்மா, சந்தேகமே வேண்டாம்" என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

"யார்ட்டயும் சொன்னீகளா?"

நேராக அவர் வீட்டுக்குத்தான் போனேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். என் தப்பையும் சேர்த்துச் சொன்னேன். குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.

பேச்சியம்மாள் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு தவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தார்.

"குடிச்சா என்ன செய்யும்?"

"எவ்வளவு குடிச்சா என்ன செய்யும்னு எனக்குச் சரியாத் தெரியாதும்மா. வயிறு, ஈரல், தோல் எல்லாத்துக்கும் கெடுதல். முத்துராசு கையைப் பாத்தீங்கள்ல. உள்ளுக்குள்ள போக வேண்டிய பொருள் இல்ல."

மகன் பெயர் வந்ததும் அவர் கண் மேட்டுக்குப் போயிற்று. குழிக்கு. அந்தப் பார்வை திரும்பி வந்தபோது எல்லாம் புரிந்திருந்தது அவருக்கு.

"யார்ட்டயும் சொன்னீகளா?"

"இல்ல. இப்பவே தெருவுல எல்லாருக்கும் சொல்லணும். முதலாளிகிட்டயும் போகணும்."

"சொல்லி?" என்றார். "அந்தச் செல்லத்தா ஆறு வருசம் கோயில் கோயிலா நடந்து வயித்துல ஒண்ணு தங்கியிருக்கு. அவகிட்டப் போயி, நீ இத்தன நாளாக் குடிச்சது விசம்னு சொல்லப் போறீகளா? என்ன செய்யும்னு ஒங்களுக்கே தெரியல. பெத்தெடுக்குற வரைக்கும் அவ எப்படிப் படுத்துத் தூங்குவா? அந்தப் பயமே அவளத் தின்னுரும்."

குழாயைத் தாழ்த்திக்கொண்டேன்.

"ஊத்துனது எம் மகன் கை. நாளைக்குத் தெருவே அவனத்தான் பாக்கும். அவனுக்குத் தெரிஞ்சா அந்தக் கையால சோறு அள்ளித் திம்பானா?"

"தெரியாம எப்படிம்மா நிறுத்துறது? எல்லாரும் காலையில குடத்தோட வந்து நிப்பாங்களே."

"வரட்டும். என் கெணறுதானே" என்றார். பிறகு தவிட்டுக்குள் மறுபடி கையைவிட்டார். "எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுங்க. நான் உசுரோட இருக்க மட்டும் வாயத் தெறக்கக் கூடாது."

செய்துகொடுத்தேன். சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குள் வழக்கு நடக்கிறது.

முள்

விடியுமுன்னே கருவேல முள்ளை வெட்டி இழுத்துவந்து கிணற்றை மூடினார். மேலே பழைய ஏர்க்கால் ஒன்றைப் பாரம் வைத்தார். வாளியையும் கயிற்றையும் வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டார்.

முதல் குடம் செல்லத்தாயுடையது.

"என்ன மதினி, கெணத்துக்கு வேலி போட்டிருக்கீக?"

"தண்ணி கெடையாது."

"வத்திருச்சா?"

"கெடக்கு. குடுக்கிறதா இல்ல."

செல்லத்தாய் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. பின்னால் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். சித்திரை வெயில், அடுத்த கிணற்றுக்கு ஒரு மைல் நடக்க வேண்டும்.

"மாசமா இருக்கவ வாசல்ல நிக்கேன். ஒரு குடமாச்சும் விடுங்க."

"ஒரு சொட்டு கெடையாது. வேற கெணத்தப் பாரு."

"அன்னைக்கு நாதியத்துக் கெடந்த கெணறு" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "நாலு பேரு வந்ததும் தலைக்கு ஏறிப்போச்சு."

"ஆமா, ஏறித்தான் போச்சு. போங்களா" என்றார் பேச்சியம்மாள்.

ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். செல்லத்தாய் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு வெறுங்குடத்தோடு தெருவைக் கடந்தார். பேச்சியம்மாள் முள்ளுக்குக் காவலாக அதே சுவரில் உட்கார்ந்திருந்தார். வெற்றிலை போடவில்லை.

அன்று மாலை முத்துராசின் குரல் மாடிவரை கேட்டது. "ஊரே காறித் துப்புதும்மா. ஒரு கொடம் தண்ணி குடுத்தா கொறஞ்சா போவ? வெளியில தலகாட்ட முடியல எனக்கு."

"எங் கெணறு, எம் பிரியம். நீ வேலைக்குப் போறதப் பாருலே."

மறுநாள் முதல் என் சோற்றுத் தண்ணீரையும் ஒரு மைல் நடந்து தூக்கினேன். பெண்கள் வழிநெடுக அவரைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். நானும் அந்த வரிசையில்தான் நடந்தேன், வாயை மூடிக்கொண்டு.

வெள்ளைக் கோப்பை

நாலாம் நாள் முதலாளி ஆள் அனுப்பினார். நான் அந்த வீட்டு மாடியில் இருப்பதால் என்னிடம் விசாரிக்கலாம் என்று நினைத்திருக்கிறார். மைவாசனை நிறைந்த அறை. காலண்டர் தாள்கள் கொடியில் காய்ந்தன.

"வாங்க டீச்சர், உக்காருங்க. அந்தம்மாவுக்கு நாங்க என்ன குறை வச்சோம்? எங்க வீட்டுக் குடத்தையே திருப்பி அனுப்பிட்டாங்களாம். மகன் நம்மகிட்டதானே இருக்கான். கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

அதட்டவில்லை. சங்கடப்பட்டுக்கொண்டுதான் கேட்டார். ஆனால் "மகன் நம்மகிட்டதானே" என்ற இடத்தில் என் சத்தியம் ஆட்டம் கண்டது. பையில் அந்தப் பாட்டில் இருந்தது. மேஜையில் காபி குடித்துவிட்டு வைத்த வெள்ளைப் பீங்கான் கோப்பையைக் கழுவித் தரச் சொன்னேன். தண்ணீரை ஊற்றி அவர் முன்னால் நகர்த்தினேன்.

மஞ்சளையும் சிவப்பையும் நீலத்தையும் கலந்தே பிழைப்பவர். குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது நம்ம தொட்டித் தண்ணி" என்றார்.

"அந்தக் கிணத்துத் தண்ணி."

கோப்பையைக் கையால் மூடிக்கொண்டார். "எங்க வீட்டுல ரெண்டு பேரன் இருக்காங்க டீச்சர்." பிறகு, "முத்துராசுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் அந்தம்மா திட்டு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க."

அடுத்த வாரமே குழி மண்ணால் மூடப்பட்டது. சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். தகட்டு வேலைக்காரர்களுக்கு மதுரையிலிருந்து ரப்பர் உறை வந்தது. தொட்டித் தண்ணீர் பீப்பாயில் ஏறி மாட்டுவண்டியில் எங்கோ போயிற்று. எங்கே கொட்டுகிறீர்கள் என்று அவரிடம் நான் கேட்டிருக்க வேண்டும். எங்கள் தெருவுக்கு வராமல் போனால் போதும் என்று இருந்துவிட்டேன். அது எந்தத் தெருவின் கிணற்றைத் தேடிப் போனதோ.

கிணற்றுத் தண்ணீரை அதன்பின் இரண்டு முறை சோதித்தேன். மஞ்சள் மெலிந்தது. போகவில்லை. பிறகு எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. ஓரிடத்தில் நிற்காத கால் எனக்கு.

செல்லத்தாய்க்குப் பெண் பிறந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை தொட்டு வைக்கப் பேச்சியம்மாள் கருப்பட்டி கொடுத்தனுப்பினார். அது திரும்பி வந்துவிட்டது.

நீர்மாலை

போன மாசியில் பேச்சியம்மாள் இறந்துபோனார். தந்தி கிடைத்துப் போய்ச் சேர்ந்தேன். எங்கள் பக்கத்தில் இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவருவதை நீர்மாலை என்பார்கள். முத்துராசு ஈர வேட்டியோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அம்மாவின் கிணறு, அதில்தான் எடுக்க வேண்டும் என்று. முள்ளை விலக்கக் குனிந்தார்.

பின்னாலேயே போய் நிறுத்தினேன். சத்தியம் முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொன்னேன்.

அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழிகள் ஆறித் தழும்பாகியிருந்தன.

"இத்தன வருசமா நானும் சேந்து அவுகள ஏசுனேன் டீச்சர்."

"தெரியும்."

"செத்தவுகள இந்தத் தண்ணி என்ன செஞ்சிரப் போகுது?"

அதற்கு என்னிடம் ரசாயனம் இல்லை. அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "வேண்டாம். அவுக மூடுனத நான் தெறக்கல."

குடத்தோடு தெருவைக் கடந்து செல்லத்தாய் வாசலில் போய் நின்றார். "அத்த, அம்மாவுக்கு ஒரு கொடம் தண்ணி வேணும்."

செல்லத்தாய் அவரையும் குடத்தையும் பார்த்தார். "வயித்துப் பிள்ளையோட நின்னேன். ஒரு சொட்டுக் குடுக்கல ஒங்கம்மா" என்றார். "எடுத்துக்கோ. நெறைய எடுத்துக்கோ. எனக்கு அந்தப் புத்தி கெடையாது."

முத்துராசு ஒன்றும் சொல்லாமல் நிரப்பிக்கொண்டு போனார். நானும் சொல்லவில்லை. சாவு வீட்டில் அதைச் சொன்னால் செல்லத்தாய்க்குப் பதிலடி கொடுத்ததாக ஆகிவிடும்.

பஸ்ஸுக்கு நின்றபோது செல்லத்தாயே என்னிடம் வந்தார். "நீங்க பத்திரிகையில எழுதுறத எம் மக வாரந்தவறாம வாசிச்சுக் காட்டுவா டீச்சர். எனக்கு எழுத்து தெரியாதுல்லா" என்றார்.

முத்துராசிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க, எம் பேரையும் போடுங்க" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே, செல்லத்தாய், இது உங்களுக்கு. நல்ல தண்ணீர் என்று அன்றைக்கு நம்பிச் சொன்னவள் நான், அந்தப் பழி என்னுடையது. வெறுங்குடத்தோடு நீங்கள் திரும்பிய காலையில் அந்தக் கிணற்றில் தண்ணீர் நிறையக் கிடந்தது. இதை இப்போது உங்களுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறாளே உங்கள் மகள், அவளுக்காகத்தான் பேச்சியம்மாள் அதை உங்களுக்குத் தரவில்லை.